சாமைக் களத்தில் எழுபத்திரண்டு மணி நேரம்

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள், ஐந்து நாள் என்று கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டிக் காட்டிய வீரர்களில், உண்மையாகவே இறங்காமல் ஓட்டியவர் என்று நான் அறிந்து ஒருவரும் கிடையாது. இரவு பதினொரு மணிக்குக் கூட்டம் கலையும். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று தூங்கும், வீரர் அதன் நிழலில் சாக்கை விரித்துத் தூங்குவார். முதல் பால்காரர் வருவதற்குள் மறுபடி ஏறிவிட்டால் போதும். காலையில் வந்து பார்க்கிறவர்கள், "பாவம், ராத்திரி பூராவும் ஓட்டியிருக்கான்" என்று உச்சுக் கொட்டுவார்கள். வீரரும் கண்ணைக் கசக்கிக்கொள்வார். (அப்போதுதான் எழுந்திருப்பார், கசக்கத்தானே வேண்டும்.)

இந்தத் தொழில் ரகசியத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவர். கூட்டம் கலையவே கலையாத ஊர்களும் உண்டு என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

நான் சேலத்துக்காரன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே படிப்பு சைக்கிள்தான். வளைந்த ஹேண்டில் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, செயினுக்கு எண்ணெயும் சக்கரத்துக்குத் துணியும் போட்டு, என் தலைக்குக்கூடச் செய்யாத பராமரிப்பெல்லாம் அதற்குச் செய்தேன். வேலை தேடும்போதும் "இதில் சைக்கிள் உண்டா?" என்று மட்டும்தான் கேட்பேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சேர்ந்தேன். உட்கார்ந்தே இருக்கச் சொன்னார்கள், பதினேழாம் நாள் வெளியே வந்தேன். பேப்பர் போட்டேன். கூரியர் தபால் கொடுத்தேன். இரண்டு தியேட்டர்களுக்கு ஒரே படப்பெட்டி என்றிருந்த காலம் அது. இங்கே ஓடி முடிந்த ரீலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையும் பார்த்தேன். அது எனக்கென்றே செய்த வேலை. ஒருநாள் வழியில் இன்னொரு சைக்கிள்காரன் என்னை முந்தினான். அவனைத் துரத்திக்கொண்டு ஐந்து ரோடு சந்திப்பு வரைக்கும் போய்விட்டேன். அன்று அந்தத் தியேட்டரில் கல்யாணம் நின்றுபோன காட்சிக்கு அடுத்து, இடைவேளை நாற்பது நிமிடம் ஓடியது. எனக்கும் வேலை நின்றுபோனது.

இப்படி ஆறு வருடத்தில் பதினோரு வேலை. இரண்டு வேலைகளுக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்வேன். பசித்தால் அக்கா வீட்டுக்குப் போவேன். அக்கா சோறு போடுவாள், மாமா ஒன்றும் சொல்லமாட்டார். பதினோராவது வேலையையும் விட்டுவிட்டு நான் போய் நின்றபோது அக்கா தட்டை வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"உன்னைய நல்லா சம்பாதிக்கச் சொல்லலே. ஒரே ஒரு வேலை, எத்தன நாளுன்னு சொல்லிச் சேர்றயோ அத்தன நாளும் செஞ்சு முடி. அதுவரைக்கும் இந்தூட்டுப் படி ஏறாதே."

சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு கிளம்பினேன்.

கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சிப் பக்கம் சவுண்டு செட் கடை வைத்திருந்தார் காதர் பாய். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் மைக், குழல் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் அவருடையதுதான். திருவிழா இல்லாத மாதங்களில் மைக் செட் சும்மா கிடக்கக்கூடாது என்று சைக்கிள் வீரர் ஒருவரை வைத்து ஊர் ஊராக ஆட்டம் நடத்துவார். பழைய வீரருக்கு மூலம் வந்துவிட்டது (தொழில்முறை நோய்). அந்த இடத்துக்கு நான் போய் நின்றேன். என் சைக்கிளைப் பார்த்ததும் பாய்க்குப் பிடித்துவிட்டது. கொல்லிமலை மேலே, வாழவந்தி நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு ஊரில் மூன்று நாள் ஆட்டம் ஒப்புக்கொண்டிருந்தார். அதை ஓட்டி முடித்தால் நான்தான் நிரந்தர வீரர், போஸ்டரில் என் படம் என்றார். பிறகு ஒரு நிபந்தனையும் சொன்னார்.

"தம்பி, என் மைக்குல நான் பொய் பேசறதில்ல. நீ எறங்குனா எறங்கிட்டாருன்னு சொல்லிருவேன். ஒதுங்கறதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு மூணு தடவ, பத்துப் பத்து நிமிசம் உண்டு. அதையும் சொல்லிருவேன்."

தலையாட்டினேன். பாய் இரவு பத்து மணிக்கெல்லாம் வேனில் படுத்துத் தூங்கிவிடுவார் என்று பழைய வீரர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். தூங்குகிறவர் எதைப் பார்த்து எதை அறிவிக்கப் போகிறார்? அந்தத் தைரியத்தில் அக்காவுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏறுகிறேன், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இறங்குகிறேன், எனக்கு மாலை போடுவதை வந்து பார் என்று எழுதினேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், கார்த்திகை மாதம். கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளிலேயே ஏறிக் காட்டுகிறேன் என்று கிளம்பி, நான்காவது வளைவில் பாயின் வேனுக்குக் கை காட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஊரில் சமமான நிலம் என்று ஒன்றுதான் இருந்தது. நெல், சாமை அடிக்கும் களம். மற்றபடி வீடுகளே ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறித்தான் நின்றன. களத்தைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தார்கள். அறுத்த சாமைக் கதிர்கள் சுற்றிலும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. செருப்புப் போட்டுக்கொண்டு களத்தில் கால் வைக்கக்கூடாது என்றார்கள். செருப்பைக் கழற்றினேன். சைக்கிளைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதன் டயரையும் கழுவிவிட்டார்கள்.

அந்த வருடம் களத்துப் பொறுப்பு செல்லக்காவுக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். குரல் மட்டும் பாயின் குழல் ஒலிபெருக்கிக்கு இரண்டு மடங்கு. நான் ஏறிப் பத்துச் சுற்று வருவதற்குள் களத்தின் ஓரமாக என்னோடு கூடவே நடந்துகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, எந்தச் சாமிக்குங்க இது?"

இங்கேதான் நான் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தேன். சும்மா ஒரு வேடிக்கைதான் என்று சொல்லியிருக்கலாம். காரணமே இல்லாமல் ஒருவன் மூன்று நாள் வட்டமடிப்பான் என்பது எழுதி ஒட்டினாலும் அவள் நம்பமாட்டாள் போலிருந்தது. கொஞ்சம் மரியாதையாகவும் இருக்கட்டுமே என்று, "எங்கூரு மாரியம்மனுக்குங்க, வேண்டுதல்" என்றேன்.

செல்லக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த சுற்று வருவதற்குள் ஊர் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்று இரவு பதினொரு மணி. பாய் தூங்கிவிட்டார். கூட்டம் கலையவில்லை. கலைவதற்குப் பதிலாக விறகு கொண்டுவந்து நெருப்பு மூட்டினார்கள். ஐந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேண்டுதலில் இருக்கிறவரைத் தனியாக விடுவது அந்த ஊரில் வழக்கமில்லையாம். வீட்டுக்கு ஒருவராக முறை போட்டு விழித்திருப்பார்களாம். "நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்று எவ்வளவோ சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் பக்தி கூடியது. சைக்கிளில் போகிறபடியே மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். அதைக் குடித்தால் செத்தவனுக்கும் தூக்கம் வராது.

சரி, ஒதுங்கும் பத்து நிமிடத்தில் கண்ணை மூடலாம் என்று திட்டத்தை மாற்றினேன். விடிந்ததும் பாயிடம் சைகை காட்டினேன். அவர் மைக்கைத் தட்டினார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. நமது வீரர் இப்போது ஒதுங்கப் போகிறார். நேரம் பத்து நிமிடம்."

எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. பள்ளத்தாக்கில் இருந்த ஊர்களுக்கெல்லாம் என் வயிற்று நிலவரம் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு புதருக்குப் போனால், எனக்குப் பின்னால் இரண்டு பேர் தடியோடு வந்தார்கள். கரடி நடமாட்டம் உண்டாம். மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு பாறையில் சாய்ந்து கண்ணை மூடிய அரை நிமிடத்தில் ஒருவர் கேட்டார்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?"

பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் கரடி என்று அர்த்தமாகிவிடும் போல. இருவரும் தடியை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். அந்த மூன்று நாளில் ஒன்பது தடவை போனேன். ஒன்பது தடவையும் இதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிழக்கே மேகம் கட்டியது. ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு அறுத்துக் கிடந்த கதிர்க் கட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. கதிரை அடித்து வீட்டுக்குள் சேர்க்காமல் மழை பிடித்துக்கொண்டால் அந்த வருடச் சாமை போய்விடும். அடிக்க வேண்டுமென்றால் களம் வேண்டும். களத்தில் நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கெட்ட சந்தோஷம் வந்தது. ஊரே இறங்கச் சொன்னால் இறங்குவதில் என் தப்பு என்ன இருக்கிறது? பாயும் உள்ளதை உள்ளபடி அறிவித்துவிடுவார், அக்காவாலும் ஒன்றும் சொல்ல முடியாது. நாலைந்து பேர் செல்லக்காவிடம் வந்து, தம்பியை இறங்கச் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நான் காலை ஏறக்குறையத் தரையில் வைத்துவிட்டேன்.

"வேண்டுதல்ல இருக்கறவர நடுவுல எறக்கி உட்டா ஊருக்கு ஆகுமா?" என்றாள் செல்லக்கா.

காலை எடுத்துப் பெடலில் வைத்தேன்.

சாமைக் கதிரை அடிப்பதற்கு அங்கே மாடுகளை வரிசையாகப் பிணைத்து, கதிரைப் பரப்பி, அதன்மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். தாம்பு ஓட்டுவது என்று பேர். செல்லக்கா கொஞ்ச நேரம் நான் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். களத்தின் ஓரத்தில் சரிந்து கிடந்த ஒரு பிடி கதிர்மேல் என் சக்கரம் ஏறி இறங்கியது. அவள் குனிந்து அதைக் கையிலெடுத்து உதறினாள். மணி உதிர்ந்தது.

"கீழ்நாட்டுல தார் ரோட்டுல கதிரப் போட்டு லாரி ஏத்தறாங்கல்ல," என்றாள் எல்லாருக்கும் பொதுவாக. "நம்மளுக்கு அந்த மாதிரி ரோடு ஏது, லாரி ஏது? இதா, நிக்காம ஓடற ஒண்ணு சாமியே அனுப்பி வெச்சிருக்குது."

பிறகு என்னிடம் வந்தாள். "சாமி, நீ பாட்டுக்கு ஓட்டு. உன்னைய ஒண்ணும் பண்ண மாட்டம்."

அவர்கள் என்னை ஒன்றும் பண்ணவில்லைதான். எனக்கு முன்னால் கதிரைப் பரப்பினார்கள். பின்னால் இரண்டு பெண்கள் கவைக்கோலால் வைக்கோலைப் புரட்டிக்கொண்டே வந்தார்கள். மெழுகிய தரையில் வழுக்கிக்கொண்டு ஓடிய சைக்கிள் இப்போது வைக்கோலில் புதைந்து, ஒவ்வொரு மிதிக்கும் என் பெயரைச் சொல்லி அழுதது. கால் நரம்பெல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டது. நான் ஒரே தடத்தில் போவதைப் பார்த்து ஒரு பெரியவர், "உள்வட்டம் வா, உள்வட்டம்" என்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பழக்கதோஷம் வந்துவிட்டது. "ஹை, ஹை" என்று ஆரம்பித்தார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தச் சத்தத்துக்கு எனக்கு வேகம் கூடியது.

பாய் இதையெல்லாம் ஒரு மணி நேரம் யோசனையோடு பார்த்தார். தன் மைக்கில் பொய் வரக்கூடாது என்பது அவர் கவலை. கடைசியில் தட்டினார்.

"வீரர் தற்போது பெரியசாமி அண்ணன் வீட்டுச் சாமை மீது ஓட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்ததாக மாரி அண்ணன் வீட்டுச் சாமை."

இந்த அறிவிப்பும் மலை மலையாக எதிரொலித்துக்கொண்டு போனது. திங்கட்கிழமை விடிந்து பார்த்தால் மலையிலேயே பக்கத்துக் குண்டூர் நாட்டிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு கட்டுக் கதிர். வெளியூர்க்காரர்களை முதலில் அனுப்ப வேண்டும், அதுதான் மரியாதை என்று செல்லக்கா சொல்லிவிட்டாள். தன் சாமையைக் கடைசிக்கு ஒதுக்கினாள். தாம்பு மாட்டுக்கு வாயில் கூடை கட்டுவார்கள், கதிரைத் தின்னாமல் இருக்க. எனக்குக் கட்டவில்லை. அதற்குப் பதில் சுற்றுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஒரு குழந்தை என் தலையைத் தடவிக் கொடுத்தது.

திங்கள் இரவு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்க முடியும் என்பதை மட்டும் அன்று கற்றுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். மாமாவும் வந்திருந்தார். இது நான் பார்த்ததல்ல, அக்கா சொன்னது, வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்வது. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தம்பிக்கு மாலை விழப் போகிறது என்ற பெருமையில் வந்திருக்கிறாள். களத்தில் பார்த்தால் வைக்கோல் நடுவில் ஒரு உருவம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒருவர் "ஹை, ஹை" என்று விரட்டுகிறார். தலை, மீசை, காதெல்லாம் உமி. யாரோ ஒருவர் வந்து, "நீங்கதான் இந்தத் தம்பிக்கு அக்காளுங்களா? நல்ல உழைப்புங்க, அடிக்கவே வேண்டியதில்ல" என்று பாராட்டியிருக்கிறார். அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையாம். மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார்.

பத்து மணி. பாய் மைக்கில் சொன்னார். "எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. ஒதுங்கப் போனது ஒன்பது முறை. மற்றபடி வீரர் இறங்கவில்லை. நான் தூங்கிய நேரங்களுக்கு ஊரார் சாட்சி."

ஊரார் ஆமாம் என்று கத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தத் தொழிலின் வரலாற்றிலேயே உண்மையாக இறங்காமல் ஓட்டியவன் நான் ஒருவன்தான் இருப்பேன். அதுவும் ஏமாற்றப் போன இடத்தில்.

மாலை போட்டார்கள். செல்லக்கா, "எறங்கு கண்ணு, உன்ற நேரம் முடிஞ்சுது" என்றாள். அவளுடைய சாமை அப்போதுதான் பரப்பியிருந்தது, பாதிகூட உதிரவில்லை. தலைக்கு மேலே வானம் கறுத்திருந்தது. நான் இறங்கவில்லை. மாலையோடு சுற்றிக்கொண்டே இருந்தேன்.

தன் நேரம் முடிந்தும் செல்லக்காவின் சாமைக்காக ஓட்டுகிறானே என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காகூடக் கண் கலங்கிவிட்டாளாம். அந்தக் கண்ணீரையெல்லாம் இன்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் மிதித்த காலுக்கு நிறுத்தத் தெரியவில்லை. யார் சொன்னதும் என் காதில் விழவில்லை.

நாற்பது நிமிடம் அப்படி ஓட்டியிருக்கிறேன். செல்லக்காவின் சாமை முழுதும் உதிர்ந்து, பெண்கள் வைக்கோலை வாரி, மணியைக் கூட்டிக் கூடையில் அள்ளிவிட்டார்கள். எதிரில் வைக்கோல் இல்லாததால் சைக்கிளுக்குத் திடீரென்று வேகம் வந்தது. வட்டத்தை மறந்துவிட்டு நேராகப் போனேன். களத்துக்குக் கீழே எருக்குழி.

"வீரர் எருக்குழியில் விழுந்துவிட்டார்," என்றார் பாய், எந்த உணர்ச்சியும் இல்லாமல். "உயிருக்கு ஆபத்தில்லை."

எதிர் மலையும் ஆபத்தில்லை என்றது. மாலை மட்டும் மேலே மிதந்தது. என்னை வெளியே தூக்கிப் போடவும் மழை வரவும் சரியாக இருந்தது. அந்த மழைதான் என்னைக் கழுவியது, வேறு யாரும் கிட்டே வரவில்லை. அக்கா மட்டும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டடி தூரத்தில் வந்து நின்றாள்.

"சொன்ன நாள் வரைக்கும் செஞ்சுட்டே. குளிச்சுட்டு ஊட்டுக்கு வா."

போஸ்டரில் என் படம் வரவேயில்லை. ஊருக்கு ஊர் கேபிள் டிவி வந்துவிட்டது, வட்டமடிக்கிறவனை யார் பார்ப்பார்கள்? பாய் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நான் மறுபடி கூரியருக்குப் போனேன், பிறகு சைக்கிள் கடை வைத்தேன், பிறகு அதையும் விட்டேன். ஆனால் அடுத்த கார்த்திகையில் பாயின் கடைக்கு மலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மைக் செட் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், அந்தச் சைக்கிள் தம்பியை மட்டும் இரண்டு நாளைக்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. போனேன். தொடர்ந்து ஆறு வருடம் போனேன். என் வாழ்க்கையில் விடாமல் பார்த்த ஒரே வேலை அதுதான். (இரவில் தூங்கவிட்டார்கள். மாட்டையும் அப்படித்தானே விடுவார்கள்.) எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு அக்கா கூசாமல், "வருசத்துக்கு ரெண்டு நாளு தாம்பு ஓட்டறானுங்க. ஓட்டறதில்ல, ஓடறான்" என்று சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

இன்றைக்கும் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. போன் வந்தால் பேசி முடிக்கும்வரை மொட்டை மாடியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். போன மாதம் அப்படி ஒரு நீண்ட போன். பேசிவிட்டுக் கீழே பார்த்தால், காலுக்கடியில் காய்ந்த மொச்சைக் காய் பரப்பியிருக்கிறது. படிக்கட்டில் என் மகள் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"நிக்காதீங்கப்பா, பாதிதான் உரிஞ்சிருக்கு. அம்மா இன்னும் ஒரு போன் போடச் சொன்னாங்க."

அக்காவுக்குப் போட்டேன். முக்கால் மணி நேரம் பேசினோம்.